நான் மடித்த பொன்னாடை

பள்ளி வாசலில் கட்டியிருந்த பிளக்ஸில் என் முகம் இருந்தது. பெயருக்கு முன்னால் 'பொறியாளர்' என்று போட்டிருந்தார்கள். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கம் இன்ஜினியரிங் முடித்தவன் எவனாக இருந்தாலும் கல்யாணப் பத்திரிகையிலிருந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரைக்கும் அந்தச் சொல் கூடவே வரும். இப்போது என்ன வேலை பார்க்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. நான் கடலூரில் ஒரு ஜவுளிக் கடையில், வேட்டி துண்டுப் பிரிவில் நிற்கிறேன்.

கிள்ளைப் பக்கத்து அரசுப் பள்ளி அது. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் முன்னாள் மாணவர் சங்கத்தார் பிள்ளைகளையும் பெற்றவர்களையும் கூப்பிடுவார்கள். பழைய மாணவர்கள் ஆளுக்கொரு வகுப்பறையில் உட்கார்ந்திருப்பார்கள். எதைப் படிக்கலாம், எங்கே சேரலாம் என்று வந்து கேட்டுக்கொள்ளலாம். இந்த வருஷம் சங்கத்தின் பொருளாளர் எனக்கு போன் செய்தார். சிதம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அண்ணன்.

"தம்பி, மெக்கானிக்கல் ரூமுக்கு நீதான். வீட்லயே மொதமொத படிச்சவன் நீ. உன்னப் பாத்தா புள்ளைங்களுக்கு ஒரு வெறி வரணும்."

சரி என்றேன். வேலையைப் பற்றிக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அவரே எங்கள் கடைக்கு வந்து நின்றார், பொன்னாடை எடுக்க. அந்தச் சால்வைகளை அப்போதுதான் மடித்து அடுக்கி முடித்திருந்தேன். அவரைக் கண்டதும் கழுத்தில் தொங்கிய கடை அட்டையைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

"என்னா தம்பி இங்க?"

"வேட்டி எடுக்க வந்தேண்ணே."

பக்கத்தில் நின்ற என் கூட்டாளி ஒரு விநாடி என்னைப் பார்த்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, "சார் வாங்க சார். ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி எடுக்கட்டுமா? சார் இடுப்பு சைஸு என்னா?" என்றான். அண்ணன் சால்வைகளை வாங்கிக்கொண்டு போகும்வரை அவன் எனக்கு வேட்டி விரித்துக் காட்டிக்கொண்டே இருந்தான். போனதும் "இன்ஜினியர் சார், பில் போட்ருலாமா?" என்று கேட்டுச் சிரித்தான். சிரிக்கத்தான் முயன்றேன். வரவில்லை.

விழா மேடையில் என் தோளில் விழுந்தது அதே சால்வைதான். மடிப்பின் தடம்கூட இன்னும் போகவில்லை.

பிறகு வகுப்பறையில் போய் உட்கார்ந்தேன். பொருளாளர் அண்ணனும் பக்கத்தில் ஒரு பெஞ்சில் இருந்தார். முதலில் வந்தது ஓர் அம்மாவும் பெண்ணும். இறால் கம்பெனியில் தோல் உரிக்கிற வேலை என்றார் அந்த அம்மா. விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறியிருந்தது.

"இவளுக்குச் சிதம்பரத்துல நர்சிங் சீட்டு கெடச்சிருக்கு தம்பி. திங்கக்கெழம சேரச் சொல்லியிருக்காங்க. இவ வேணாங்கிறா. வாசல்ல உங்க போட்டோவப் பாத்துட்டு, அந்த அண்ணன் படிச்சதுதான் படிப்பேன்னு ஒரே அடம்."

"நானும் பொறியாளர்னு போட்டுக்கணும்ணே" என்றாள் அந்தப் பெண். கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை.

"பாத்தியா, இதுக்குத்தான் உன்னக் கூப்ட்டது" என்று அண்ணன் என் முதுகில் தட்டினார்.

மெக்கானிக்கல் படிப்பில் குறை ஒன்றுமில்லை என்று ஏதாவது பொதுவாகப் பேசி அனுப்பியிருக்கலாம். திங்கட்கிழமை அவளுடைய சீட்டு வேறு யாருக்காவது போயிருக்கும்.

"நான் இன்ஜினியர் வேல செய்யலம்மா. கடலூர்ல துணிக் கடையில இருக்கேன்."

"ஓனரா தம்பி?"

"இல்லம்மா. துணி எடுத்துப் போடுற வேல."

அண்ணன் உரக்கச் சிரித்தார். "தம்பி சும்மா வெளையாடுது. முந்தாநேத்துகூட அந்தக் கடையில வேட்டி எடுத்துக்கிட்டு நின்னுதே!"

வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்தது. தோளிலிருந்த சால்வையை எடுத்து மேசையில் உதறினேன். ஓரம் பிடித்து, முழங்கையால் நீவி, ஜரிகை மேலே வரும்படி மடித்து, கவருக்குள் போகிற அளவுக்குக் கொண்டுவந்து, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். யோசிக்காமலே கை செய்தது. அந்தத் தட்டு வகுப்பறை முழுக்கக் கேட்டது. அண்ணனின் சிரிப்பு நின்றுவிட்டது. மேடையில் போர்த்தியதுபோக மிஞ்சிய சால்வைகள் அவர் மடியில் அதே மடிப்பில் இருந்தன. அதை அவர் குனிந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

"அப்பறம் எதுக்குத் தம்பி வாசல்ல போட்டோ போட்டாங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. அவர் குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

அந்தப் பெண்தான் எழுந்தாள். "வாம்மா, திங்கக்கெழம போய்ச் சேந்துடலாம்" என்றாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். சரியானதைத்தான் செய்தேன் என்ற நினைப்பு ஒரு துளிகூட ஆறுதல் தரவில்லை. அவள் பார்வையில் நான் சட்டென்று சின்னதாகிப் போனது மட்டும்தான் தெரிந்தது.

வெளியே வந்தபோது அப்பா வாசலில் நின்றிருந்தார். மீன் ஏலக் கூடத்தில் பெட்டி தூக்குகிறவர், அன்று வேலைக்குப் போகாமல் வந்திருந்தார். நான் கடையில் நிற்பது அவருக்குத் தெரியும். தெருவில் யார் கேட்டாலும் 'கம்பெனி' என்று சொல்லிவிடுவார். யாரிடமோ கேட்டு பிளக்ஸை அவிழ்த்து வாங்கியிருந்தார்.

"வூட்டு மின்னாடி கட்டலாம்டா. பேசுனியா உள்ள?"

"பேசுனேன்பா."

அவர் வண்டியை எடுக்கப் போன நேரத்தில், என் முகமும் பெயரும் உள்ளே போகிற மாதிரி அதைச் சுருட்டினேன். திரும்பி வந்து பார்த்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"துணிக் கடையில இருக்க, ஒரு பிளக்ஸச் சுத்தத் தெரியல. படம் வெளிய தெரியறாப்புல சுத்துடா. வழியில நாலு பேரு பாக்க வேணாமா?"

பிரித்து, திருப்பிச் சுருட்டினேன். மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். கிள்ளை கடைத்தெருவில் அப்பா வண்டியை மெதுவாகவே ஓட்டினார்.