ஆரோக்கியமேரி வண்டியின் ஆயில் போல்ட்

நவநீதனுக்குப் பேசத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கார்புரேட்டரைப் பற்றிக் கேளுங்கள், டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பேசுவான். கிளட்ச் பிளேட்டைப் பற்றிக் கேட்டுவிட்டால் அன்றைய பிழைப்பை விட்டுவிட்டு நீங்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். "சாப்பிட்டியா?" என்று கேட்டால் மட்டும் "ம்" என்பான். அதற்கு மேல் அவனிடம் சரக்கு கிடையாது.

ஆம்பூரில் ரெட்டித்தோப்புக்குப் போகிற வழியில் அவனுடைய மெக்கானிக் ஷெட். முன்னால் வேலை, பின்னால் படுக்கை. அம்மா இருந்தவரை அவனுக்குப் பெண் பார்த்தாள். ஒன்று ஜாதகத்தில் தட்டியது, இன்னொன்று சொந்த வீடு இல்லை என்று தட்டியது. அம்மா போன பிறகு பார்ப்பதற்கும் ஆளில்லை. அணைக்கட்டு என்கிற ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கை பொங்கலுக்குப் போன் செய்வாள். அவளும் பாதிப் பேச்சில் பால் பொங்குகிறது என்று வைத்துவிடுவாள். ஐம்பதை நெருங்கிவிட்டான். பகலில் சத்தத்துக்குக் குறைவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடையைச் சாத்திவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல், கழுவின ஸ்பானர்களையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பான்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் ஆரோக்கியமேரி வந்தாள், பூசை முடிந்த கையோடு, வண்டியைத் தள்ளிக்கொண்டு. துத்திப்பட்டுப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள். புருஷன் இறந்ததும் அவனுடைய பழைய நூறு சிசி வண்டியை விற்றுவிடச் சொல்லிச் சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள். அவள் விற்காமல் ஓட்டக் கற்றுக்கொண்டாள். கியர் வண்டியில் ஒரு பெண் போகிறாள் என்று தெருவே வேடிக்கை பார்த்தது. பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது.

எங்கோ ஆயில் மாற்றிய ஒரு புண்ணியவான், பழைய ஆயிலை வடிக்கிற அடி போல்ட்டை, ஸ்பானரில் பைப்பை மாட்டி, ஏதோ பாலத்துக்கு போல்ட் அடிப்பதுபோல முறுக்கித் தள்ளியிருக்கிறான். போல்ட் இரும்பு, இன்ஜினின் அடிப்பாகம் அலுமினியம். கேட்க வேண்டுமா? போல்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டிய மரை மொத்தமும் துருவலாக வழித்துக்கொண்டு வந்துவிட்டது. போல்ட் சும்மா சுற்றியது. எண்ணெய் கசிந்தது.

இதற்கு ஒழுங்கான வைத்தியம் ஒன்றுதான். ஓட்டையைப் பெரிதாக்கி, புது மரை வெட்டி, அதில் உள்ளும் புறமும் மரையுள்ள இரும்பு புஷ் ஒன்றை இறக்கி, அந்தப் புஷ்ஷுக்குள் பழைய அளவு போல்ட்டைப் போட வேண்டும். புஷ்ஷைக் கடைந்து தருகிற லேத்துக்காரர் வக்கார் அகமது அன்றைக்கு வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவளுக்கோ மறுநாள் காலை ஷிப்டு. எனவே நவநீதன் ஆம்பூர்க்காரன் செய்கிற காரியத்தைச் செய்தான். இந்த ஊரில் எது ஒழுகினாலும் தோல்தான் மருந்து. கைப்பம்பு ஒழுகினாலும் தோல், குழாய் ஒழுகினாலும் தோல். கம்பெனி வாசலில் கழித்துப் போட்ட அடித்தோல் துண்டு எல்லார் வீட்டிலும் ஒன்று கிடக்கும். அதில் ஒரு வாஷர் வெட்டி, போல்ட்டுக்கு டேப் சுற்றி, பக்குவமாக முறுக்கிவைத்தான். இன்ஜின் சூட்டில் தோல் காய்ந்து அப்பளமாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியாததா?

"ஒரு மாசம் தாங்கும். அப்புறம் வாங்க, சரியா பண்ணித் தர்றேன்" என்றான்.

சொன்னபடி வந்தாள். கடைந்த புஷ்ஷும் டிராயரில் தயாராக இருந்தது. ஆனால் அன்றைக்கு அவள் ஒரு டப்பாவில் வேர்க்கடலை வறுத்துக் கொண்டுவந்திருந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, கம்பெனியில் ஏசி போட்ட அறையில் ஷூக்கள் இருக்க, ஃபேன் இல்லாத அறையில் ஆட்கள் இருக்கிற அநியாயத்தைச் சொன்னாள். வீட்டில் தனக்கு மட்டும் சோறு வடிக்கும்போது அளவு தெரியாமல் தினமும் மீந்துபோவதைச் சொன்னாள். நவநீதன் கடலையைத் தின்றுகொண்டே கேட்டான். அவனிடம் அப்படி யாரும் வந்து உட்கார்ந்து வருஷக்கணக்காகியிருந்தது. இன்னொன்றும் கவனித்தான். ஷெட்டுக்கு வருகிற பெண்கள் எல்லாரும் அவனை அண்ணே என்பார்கள். இவள் மட்டும் மேஸ்திரி என்றாள்.

அவன் டிராயரைத் திறக்கவில்லை. இன்னொரு தோல் வாஷரை வெட்டினான்.

அடுத்த மாதமும் அதே கதை, அதற்கடுத்த மாதமும் அதே கதை. புஷ் இறக்கிவிட்டால் வண்டி ஒழுகாது. வண்டி ஒழுகாவிட்டால் இவள் எதற்கு வரப்போகிறாள்? திருட்டுப் பயலே, அவள் ஏறிப்போகிற வண்டியல்லவா என்று அவன் மனசே அவனைக் கேட்டது. அடுத்த தடவை, கட்டாயம் அடுத்த தடவை என்று மனசுக்குப் பதில் சொல்லிக்கொண்டான். ஞாயிறு வந்தால் காலையிலேயே குளித்துவிட்டு ஷட்டரைப் பாதி தூக்கிவைத்துக் காத்திருந்தான். அந்தச் சந்தோஷத்தை அவனால் விட முடியவில்லை.

இப்படியே வருஷம் தாண்டியது. ஒரு நாள் அவள் ஆலங்காயத்தில் அம்மாவைப் பார்க்கப் போனாள். நல்ல வெயில். ஒரு வளைவில் போல்ட் கழன்று விழுந்து, எண்ணெய் முழுக்கப் பின்சக்கரத்தில் அடித்தது. வண்டி சறுக்கி அவளைத் தூக்கிப் போட்டது. பின்னால் பஸ் எதுவும் வராதது அவள் செய்த புண்ணியம். உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது.

நாலு நாள் கழித்து, வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு, கையில் கட்டோடு ஷெட்டுக்கு வந்தாள். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பழைய வண்டி, அது இன்னா பண்ணும் என்று அவனுக்கே சமாதானம் சொன்னாள். ஊசிக்கு நேராகத் தோலைப் பிடிக்க முடியாததால் கம்பெனியில் தன்னைத் தையலை விட்டு எடுத்து, பெட்டி ஒட்டுகிற இடத்தில் போட்டுவிட்டார்கள் என்றாள். நவநீதன் அவள் கைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் கையாலேயே அவளைத் தள்ளிவிட்டதுபோல இருந்தது. செத்துப் போயிருந்தால் என்று நினைத்தவன், அதற்கு மேல் நினைக்கப் பயந்து, வண்டியை விட்டுட்டுப் போங்க என்று மட்டும் சொன்னான்.

அவள் போனதும் டிராயரைத் திறந்து புஷ்ஷை எடுத்தான். வண்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, துருவல் உள்ளே விழாமல் ஒட்டிக்கொள்ள டிரில்லில் கிரீஸ் தடவி, ஓட்டையைப் பெரிதாக்கினான். மரை வெட்டும்போது கால் சுற்று முன்னால், கொஞ்சம் பின்னால் என்று, கைக்குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பொறுமையோடு வெட்டினான். மண்ணெண்ணெய் ஊற்றி உள்ளே கழுவினான். பசை தடவிப் புஷ்ஷை இறக்கினான். புது போல்ட், செம்பு வாஷர். அளவாக முறுக்கியதும் போல்ட் கையிடம் சொன்னது, போதும் என்று. இந்த வேலையைத்தான் அத்தனை காலம் தள்ளிப்போட்டிருந்தான், மகாபாவி.

கட்டுப் பிரித்து, கை ஆறின பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துப்போக வந்தாள். ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் குனிந்து பார்த்தாள். விரலால் தொட்டும் பார்த்தாள்.

"இனிமே ஒழுவாதா, மேஸ்திரி?"

"ஒழுவாது. வண்டி இருக்கற வரைக்கும் ஒழுவாது."

அவள் இன்ஜினை அணைத்தாள். ஸ்டூலில் உட்காரவில்லை. பெட்ரோல் டேங்க்கைத் துணியால் துடைத்துக்கொண்டே, அவனைப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்க கம்பெனி ஃபிட்டர் போன வருசமே சொன்னாரு, புஷ் எறக்கினா சரியாப் பூடும், ஒரு நாள் வேலதான்னு. நான்தான் இங்க வந்துனு இருந்தேன்."

நவநீதனுக்குக் காது இரண்டும் சூடேறின. தெரிந்தே வந்திருக்கிறாள். அவன் தோல் வாஷர் வெட்டியதும் அவள் அதை வாங்கிக்கொண்டு போனதும் ஒரே காரணத்துக்குத்தான். இப்போது புஷ்ஷை இறக்கியது அவளுக்கு எப்படிப் பட்டிருக்கும்? இனிமேல் நீ வரவேண்டாம் என்று சொன்னதுபோலத்தானே? அப்படியில்லை என்று சொல்ல வேண்டும். கழுவின ஸ்பானர் ஒன்றை எடுத்து மறுபடி துடைத்தான்.

அவளே இன்னொரு வழி திறந்துவிட்டாள். "ஆயில் மாத்தறதுக்கு எப்போ வரணும்?"

எப்போது வரட்டும் என்று அவளே கேட்கிறாள். அடுத்த ஞாயிறு வாங்க என்றிருக்கலாம். ஆயிலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், சும்மா வாங்க என்றிருக்கலாம். மதம் என்ன, ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி. வாயைத் திறந்தான். அவனுக்குத் தெரிந்த பேச்சுதான் வந்தது.

"மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினப்புறம் வந்தா போதும்."

துடைத்துக்கொண்டிருந்த துணியை அவள் மடித்து ஹேண்டில்பாரில் வைத்தாள்.

"எனக்கு வீடு விட்டா கம்பெனி, கம்பெனி விட்டா வீடு. அவ்ளோ ஓடறதுக்கு ரெண்டு வருசம் ஆவும், மேஸ்திரி."

"ஆமா" என்றான் நவநீதன். "ஆவும்."