அமிர்தவள்ளி கேட்ட நீலத் திரை

ஒரே துணியை ஒரு மனுஷன் எத்தனை தடவைதான் மாட்டுவான், எத்தனை தடவை கழற்றுவான்? கம்பெனி பஸ் ஓட்டும் சம்பத்துக்கு மூன்று வருஷமாக நெஞ்சில் கிடக்கும் குறை இதுதான். எல்லாம் அமிர்தவள்ளியால் வந்தது என்பான். சொல்லும்போது முகம் கடுகடுவென்றுதான் இருக்கும். ஆனாலும் டீக்கடையில் கேட்காதவனையும் நிறுத்தி வைத்துச் சொல்லுவான்.

அமிர்தவள்ளி மாதனூர்க்காரி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கிற வேலை. ஒரே தோலில் வெட்டினாலும் வலது காலுக்கும் இடது காலுக்கும் நிறம் நூலளவு மாறும். நமக்கெல்லாம் இரண்டும் பழுப்பு. அவள் ஜன்னலோரம் தூக்கிப் பிடித்து, இது வேற வூட்டுப் புள்ள என்று தள்ளிவிடுவாள். கண்டெய்னரில் வெளிநாட்டுக்குப் போகிற ஷூ; இருபது வருஷத்தில் அவள் சேர்த்த ஜோடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் வாய் ஓயாது. சம்பத்தின் புதுச் செருப்பைப் பார்த்து, ரெண்டும் ரெண்டு கலரு, கடைக்காரன் உன் தலையில கட்டிட்டான் என்று பஸ்ஸுக்கே கேட்கச் சொன்னவள் அவள்.

அப்புறம் கம்பெனி புதுக் கட்டடத்துக்குப் போனது. ஏசி உண்டு, ஜன்னல் இல்லை. காலையில் உள்ளே போனால் பொழுது சாய்ந்துதான் வெளியே. நாள் முழுக்கத் தலைக்கு மேல் வெள்ளை விளக்கு. ஆறு மாதத்தில் அமிர்தவள்ளிக்குத் தூக்கம் போய்விட்டது. சேர்த்தது தப்போ என்று நெஞ்சு படபடக்கும். ஜோடிகளைப் போனில் படம் பிடித்து வந்து, படுத்துக்கொண்டே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பாள். பஸ்ஸில் பேச்சு நின்று போனது.

காலையில் பஸ்ஸிலாவது கண்ணை மூடலாம் என்று நினைத்து, ஜன்னலுக்கெல்லாம் திரை போடச் சொல்லிச் சம்பத்தைக் கேட்டாள். அவன் பெண்சாதி சம்பூர்ணம் நீலத் துணியை இரட்டையாகத் தைத்துக் கொடுத்தாள். பன்னிரண்டு ஜன்னலுக்கும் அவனே மாட்டினான். பஸ் சினிமா கொட்டகை மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் குறட்டை விட்டார்கள். கேட்டவளுக்கு மட்டும் ராத்திரித் தூக்கம் இன்னும் மோசமானது.

ஒருநாள் கையில் மடித்த காகிதத்தோடு ஏறினாள். வேலையை விட்டு நிற்கிற லெட்டர்.

"என் கண்ணு மேல எனக்கே நம்பிக்க போய்டுச்சுண்ணா. ஒரு கண்டெய்னரே என்னால திரும்பி வந்துடுமோன்னு பயமா கீது."

"லெட்டர நாளைக்குக் குடு. இன்னிக்கு கம்பெனில மெடிக்கல் கேம்பு, டாக்டரம்மா வர்றாங்க. மொதல்ல போய்க் காட்டு" என்றான் சம்பத், திரும்பிப் பார்க்காமல்.

டாக்டர் ஹேமலதா மாத்திரை எழுதவில்லை. இருட்டினால் மூளை மெலடோனின் என்று ஒன்றைச் சுரந்து உடம்புக்கு ராத்திரி என்று சொல்லும், காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் அதை நிறுத்தும் என்று விளக்கினார். இவள் காலையில் திரை போட்டு மூடிவிட்டு, ராத்திரியில் போனை முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். மூளை எதை நம்பும்? தூக்கம் கெட்டால் காரணமில்லாத பயமும் கூடவே வரும். ஒரு மாதம் இதை மாற்றிப் பாருங்கள், சரியாகவில்லை என்றால் மறுபடி வாருங்கள் என்றாராம்.

சாயங்காலமே திரையைக் கழற்றச் சொன்னாள்.

"இன்னாம்மா நீ, மாட்டுன்ற, கழட்டுன்ற. நான் டிரைவரா, பந்தல் போடறவனா?"

பஸ்ஸில் நன்றாகத் தூங்குகிறவள் ஹீனா. அவள் சண்டைக்கு வந்தாள்.

"என் தூக்கத்தப் புடுங்கி நீ தூங்கப் போறியா அக்கா?"

கடைசியில் சம்பத்தே பஞ்சாயத்து பண்ணினான். ஆம்பூர் போகும்போது இடது பக்கம்தான் காலை வெயில் விழும். அந்தப் பக்கத்து ஆறு திரையைக் கழற்றினான். வலது பக்கம் ஹீனாவுக்கு.

அமிர்தவள்ளி இடது ஜன்னலில் உட்கார்ந்தாள். சாப்பாட்டைக் கேன்டீனில் தின்னாமல் வெளியே புங்கமரத்தடிக்குக் கொண்டு போனாள். ராத்திரி போனை அடுப்படி அலமாரியில் வைத்தாள். பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. லெட்டர் பையிலேயே இருந்தது. சம்பத் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். மூன்றாம் வாரம் ஒரு காலையில் ஏறியவள் படியிலேயே நின்று அவன் காலைப் பார்த்தாள்.

"இன்னும் அந்தச் செருப்ப மாத்தலியாண்ணா?"

பஸ்ஸே சிரித்தது. சம்பத் மட்டும் முறைத்தான். அன்று லெட்டரை எட்டாக மடித்து, கடகடவென்று ஆடுகிற ஜன்னல் கண்ணாடி இடுக்கில் செருகிவிட்டு அவள் வேலைக்குப் போனாள்.

அத்தோடு விட்டாளா? தெருவிளக்கு வீட்டுக்குள் அடிக்கிறது, கழற்றி வைத்த திரை சும்மாதானே கிடக்கிறது என்றாள். ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு போனான் சம்பத். இந்தத் துணி இனிமேல் தன்னைக் கூப்பிடவே கூடாது என்று நாலு பக்கமும் வரிசையாக ஆணி அடித்து இறுக்கினான். ரூம் கிணறு மாதிரி இருண்டது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை விட்டு இறங்கினான்.

அமிர்தவள்ளி காப்பி டம்ளரோடு வந்து நின்று மேலும் கீழும் பார்த்தாள்.

"ராத்திரிக்கு சரியாப் போச்சுண்ணா. காலைல வெளிச்சம் எப்டி உள்ள வரும்? காப்பியக் குடிச்சிட்டு அத்தக் கழட்டி, கயிறு போட்டு இழுக்கற மாதிரி மாட்டிக் குடு."