பெர்னடெட் அக்கா சொன்ன பதில்

குருநகரில் கருவாடு போட்டு விற்கும் பெர்னடெட் அக்காவின் கணவர் கொலின்ஸ், கொரோனாவில் ஆஸ்பத்திரியில் இறந்தார். சேமக்காலையில் அவருடைய தாயாரின் கல்லறைக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. ஆனாலும் அரசாங்க உத்தரவென்று வீட்டாரைக் கேளாமலே உடலை எரித்தார்கள். சாம்பலும் வந்து சேரவில்லை. அது எங்கே என்பதுதான் அக்காவின் கேள்வி. கிடைத்தால் புதைத்து ஒரு சிலுவை நடலாம்.

நாடாளுமன்றத்தில் கேட்பதாக எங்கள் எம்.பி. வாக்குக் கொடுத்தார். கேட்கவும் செய்தார். பக்கத்து வீட்டு றொசாந்தியின் போனில் எல்லாரும் பார்த்தோம். அமைச்சர் எழுந்து, வடக்கு ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்த கட்டில்களின் கணக்கை வாசித்தார். சாம்பல் என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. யாரோ மேசையைத் தட்டினார்கள். எம்.பி. "அமைச்சருக்கு நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

"என்னத்துக்கடி நன்றி சொல்லுறார்?"

"அது சும்மா மரியாதைக்கு அக்கா," என்றாள் றொசாந்தி.

அக்கா எழுந்துபோய் வேலியோரம் காறித் துப்பினார்.

இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாளன்று மாமியாரின் கல்லறைக்குப் பக்கத்து வெறும் மணலில் ஒரு மெழுகுதிரியைக் குத்தி வைத்தார். அடுத்த கிழமை எம்.பி. எங்கள் தெருவுக்கு வந்தார்.

"தங்கச்சி, பாறைக் கருவாடு கிடக்கோ? கொழும்புக்குக் கொண்டுபோகவேணும்."

முற்றம் நிறையக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

"வீட்டிலை ரெண்டு கட்டில் கிடக்கு ஐயா," என்றார் அக்கா.

"நான் கருவாடெல்லோ கேட்டனான்?"

"ஓம், கேட்டனீங்கள். நானும் பதில் சொல்லிப்போட்டன். நன்றி சொல்லிப்போட்டு இருங்கோவன்."