அத்தையின் மரப்பட்டைப் பெட்டி

கனடாவுக்குக் கல்யாணமாகிப் போன அத்தை முதல்முறையாக ஆரணிக்கு வந்தபோது, நான் எதிர்பார்த்தது சாக்லேட். அத்தையோ துணிகளுக்கு நடுவிலிருந்து பத்திரமாக ஒரு மரப்பட்டைப் பெட்டியை எடுத்து வைத்தாள். பிர்ச் என்கிற மரத்தின் பட்டையை மடித்து, வேரால் ஓரம் தைத்தது. மூடியைத் திறந்தால் வெல்லம் காய்ச்சுகிற வாசனை.

அத்தை குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா அதை ஷோகேஸில் வைத்துப் பூட்டிவிட்டாள். தெருவே தறியை நிறுத்திவிட்டு வந்து, அம்மாவுக்கு நாத்தனார் கொண்டுவந்த பரிசைப் பார்த்தது. "இன்னா தையலுங்க இது!" என்று வியந்தது. சாவி என்னிடம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தை சாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவள் பக்கத்து வீட்டில் அனிஷினாபே என்கிற பழங்குடிக் குடும்பமாம். மேப்பிள் மரச்சாற்றைக் காய்ச்சிய சர்க்கரை, காட்டில் பறித்த பழம், ஏரியில் தானாக விளைகிற அரிசி எல்லாம் இந்த மாதிரிப் பெட்டியில்தான் வைப்பார்களாம்.

"தெனம் புழங்கறதுதான் அண்ணி."

"அதுக்காக? இங்க புழங்கினா பாழாயிடும்மா" என்று அம்மா கண்ணாடியைத் துடைத்தாள்.

ஊருக்குக் கிளம்பும் நாளன்று அத்தை அழுதேவிட்டாள். "அது பக்கத்து வீட்டம்மா எனக்குச் சக்கர போட்டுக் குடுத்த பாத்திரம் அண்ணி. வெறுமனே எப்படித் திருப்பிக் குடுக்கறது? இங்கிருந்து எதனா போட்டு எடுத்துகினு போலாம்னுதான் வந்தேன்."

அம்மா முகத்தில் ஈயாடவில்லை. "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?" என்று என்னிடம் கையை நீட்டினாள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாளே இந்த அத்தை, கஞ்சப் பிசினாரி என்று நான் சாவியைத் தராமல் அடம்பிடித்தேன். அம்மா பிடுங்கித்தான் திறந்தாள். ஆரணியில் வேறு எதைப் போடுவது? பொன்னி அரிசியை விளிம்பு வரை அமுக்கி அமுக்கி நிரப்பினாள். காரில் ஏறிய அத்தைக்கு நான் கைகூட ஆட்டவில்லை.

அடுத்த முறை அத்தை வந்தபோது பெட்டியும் வந்தது. உள்ளே கறுப்பாக, நீளநீளமாக ஏரி அரிசி. "ஷோகேஸ் பக்கமே போவாதீங்க அண்ணி!" என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு பெட்டிக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

சென்னையில் இந்த அடுக்ககத்துக்குக் குடிவந்து வருடங்கள் ஆகிவிட்டன. என் சமையலறையில் அடுத்த வீட்டுப் பாத்திரம் ஒன்றுகூட இல்லை. அந்தக் குளிர்தேசத்தில் அத்தைக்குச் சொந்தமென்று ஒரு பக்கத்து வீடு கிடைத்திருந்தது என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.