ஈரலுக்கு வைத்த மருந்து

"ஈரலுக்கு மருந்து வச்சுப் பாப்பீங்களா?" என்று அண்ணி கேட்ட நிமிடம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. பெங்களூரில் ஒரு பெரிய மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலிகள். அண்ணியின் புடவையில் தக்காளிச் சாறு காய்ந்து கறுத்திருந்தது. சந்தைக்குத் தக்காளி ஏற்றிப்போன அண்ணனின் வண்டியை லாரி இடித்துவிட, ஓடிப்போய் அவரைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டபோது ஒட்டிய சாறு. ராய்ச்சூர் பக்கம் போர்வெல் லாரியில் வேலையாக இருந்த நான் மறுநாள்தான் வந்து சேர்ந்தேன். அதற்குள் மூளை செத்துவிட்டது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சிறுநீரகத்தையும் கண்ணையும் கேட்டார்கள், அண்ணி தலையாட்டினார். ஈரலில் கொழுப்பு அதிகம், இன்னொருவருக்கு வைக்க முடியாது, விருப்பப்பட்டால் ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று அங்கே வேலை பார்க்கும், தமிழ் தெரிந்த ஓர் அம்மா விளக்கினார். "செல்லைப் பிரிச்சுத் தட்டுல உயிரோட வச்சிருப்பாங்க. மருந்து வச்சுப் பாப்பாங்க." அண்ணி அதைத்தான் திருப்பிக் கேட்டார். அந்த அம்மா ஆமாம் என்றார். அண்ணி கையெழுத்துப் போட்டார்.

எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றுக்கும். காய்ச்சலுக்கு விழுங்குவது மருந்து. தக்காளிச் செடிக்கு அடிப்பதும் மருந்து. வாழ்க்கை வெறுத்தவர்கள் குடிப்பதும் மருந்து. எதைச் சொல்கிறார்கள் என்பது பேச்சின் போக்கிலேயே விளங்கிவிடும், யாரும் தடுமாறுவதில்லை. மருத்துவமனை வராந்தாவில் அந்தப் போக்கு அண்ணிக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போனவனுக்கு என்ன தெரியும்.

கருமாதியன்று தாலியைக் கழற்ற அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. கழற்றிய தாலியைப் போடப் பால் கிண்ணத்தோடு பெண்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, அவர் கழுத்தைக் கையால் மூடிக்கொண்டார். பெரியப்பா வெளியிலிருந்து சத்தம் போட்டார்.

"பொதைச்சு வந்தாச்சு. இன்னும் என்னம்மா?"

"பொதைச்சது மிச்ச ஆளைத்தாங்க மாமா. ஈரல் பெங்களூருல உசுரோட இருக்குது. வைத்தியம் நடக்குது. உசுரா இருக்கறவருக்கு எப்படிங்க கழட்டறது?"

பந்தல் பிரிக்கப்பட்டது, தாலி அப்படியே இருந்தது. அதன்பிறகு அண்ணியை நல்லதுக்கும் கூப்பிடவில்லை, கெட்டதுக்கும் கூப்பிடவில்லை. அவரை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று ஊருக்குத் தெரியவில்லை. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "ஈரலுக்குப் பொண்டாட்டியா இருக்கறா பாரு" என்றாளாம். "முழு ஆளுக்கு இருந்தப்ப மட்டும் என்னத்தக் கண்டேன்" என்று சொல்லிவிட்டு அண்ணி குடத்தை எடுத்துக்கொண்டு வந்தாராம். இதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ ஊரு ஊரா சுத்தறவந்தான தம்பி. அது எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு. நீ சொன்னா நான் கேட்டுக்கறேன்" என்றார்.

மருத்துவமனையில் எதுவும் சொல்லவில்லை. எங்கே போனது என்று குடும்பத்துக்குச் சொல்லும் வழக்கம் இல்லையாம். கேட்டு அலைந்ததில், ஈரல் செல் வளர்க்கும் ஆய்வுக்கூடம் ஒன்று இருப்பது தெரிந்தது. துப்புரவு வேலைக்கு ஆள் எடுத்தார்கள், சேர்ந்துவிட்டேன். அண்ணன் அங்கேதான் இருந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். இல்லை என்றும் சொல்ல முடியாது. வரும் பெட்டியில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான்.

அங்கிருந்த மேடம் சேலத்துக்காரர். என்னவோ நினைத்து ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். தரையில் கல் பாவியதுபோல் செல்கள் ஒன்றோடொன்று நெருக்கி உட்கார்ந்திருந்தன. இடையிடையே வெளிச்சக் கோடுகள். இன்னொரு தட்டைக் காட்டினார். அதில் கல்லெல்லாம் பெயர்ந்து, உருண்டையாகச் சுருங்கி மிதந்தன. அது மருந்து வைத்த தட்டு.

"பிழைக்கிற மருந்து இல்லீங்களா மேடம்?"

"இல்லப்பா. எவ்வளவு போட்டா சாகுதுன்னு பாக்கறோம். புது மாத்திரை, வயலுக்கு அடிக்கிறது, எல்லாமே. இங்க சாகறதப் பாத்துட்டா வெளிய மனுசங்களுக்கு ஆபத்து கொறையும்."

மேசையில் இருந்த புட்டியின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். எங்கள் வரப்பில் கிடக்கும் காலிப் புட்டிகளில் பொடி எழுத்தில் இருக்கும் அதே பெயர். எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று கேட்டேன். தட்டில் வைத்தவை சில நாள், மிஞ்சினால் சில வாரம். வைக்காததை நைட்ரஜன் உருளையில் உறைய வைத்துவிடுவார்களாம். வருடக்கணக்கில் கிடந்துவிட்டுத் திரும்ப எழுமாம்.

ஊருக்குப் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். வைத்தியம் இல்லை, பூச்சி மருந்துதான் என்றபோது அண்ணி மூலையில் கிடந்த மருந்தடிக்கும் டாங்க்கைப் பார்த்தார்.

"இங்க இருந்தப்பவும் முதுகுல டாங்க்கைக் கட்டிக்கிட்டு அதையே அடிச்சாரு. அங்க போயும் அதே வேலையா?"

பிறகு கேட்டார். "செத்ததுக்கு அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

"பிளீச்சிங் ஊத்தி மஞ்சப் பையில போட்டுக் கட்டுவோங்க அண்ணி. வண்டி வந்து எடுத்துட்டுப் போயி எரிச்சுருவாங்க."

"கட்டுவோம்ன்னா, யாரு கட்டறது?"

"நாந்தாங்க."

அண்ணியின் கை கழுத்துக்குப் போனது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசினார். "அப்ப இனிமே கட்டறப்ப 'அண்ணா'ன்னு ஒருவாட்டி சொல்லிட்டுக் கட்டு. அவரா இருந்தா கேக்கட்டும். வேற யாரோன்னாலும், அவங்களும் யாருக்காச்சும் அண்ணனோ அக்காவோதான?"

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அவர் கழுத்தில் கயிறு இல்லை. யாரையும் கூப்பிடவில்லை, தானே கழற்றியிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "நேரமாச்சு போ, வேலையை விட்டுறாத" என்று மட்டும் சொன்னார்.

இன்னும் அங்கேதான் இருக்கிறேன். பெங்களூரில் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணாதான். தமிழிலும் அதுவே, கன்னடத்திலும் அதுவே. நான் பையைக் கட்டும்போது 'அண்ணா' என்றால், அறையில் யாராவது ஒருவர் திரும்பி, என்னவென்று கன்னடத்தில் "ஏனு?" எனக் கேட்டுவிடுகிறார். அதனால் ஆளில்லாத நேரமாகப் பார்த்துச் சொல்கிறேன். சொல்லிவிட்டு உடனே கட்டுவதில்லை. கொஞ்சம் நின்று, பதில் ஏதும் வராததை உறுதி செய்துகொண்ட பிறகுதான் முடிச்சை இறுக்குகிறேன்.