ஆற்றங்கரையில் வைத்த பொட்டு

தருமபுரியில் நான் வீட்டுவேலை செய்த டாக்டரம்மா வீட்டுக் கூடத்தில், கண்ணாடி போடாத படம் ஒன்று மாட்டியிருந்தது. டாக்டரய்யா ருமேனியா தேசத்தில் படித்தபோது வாங்கி வந்ததாம். அய்யா இறந்த பிறகு அவருடைய போட்டோவை அதற்குப் பக்கத்திலேயே மாட்டினார்கள். காலையில் அதைப் பார்த்துக்கொண்டுதான் டாக்டரம்மா காப்பி குடிப்பார். ஆறு வருசம் அதைத் தூசி தட்டிய எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சையும் நீலமும் அப்பிக் காய்ந்த மேடுபள்ளம்தான். சுண்ணாம்பு அடிப்பவர் மட்டையைத் துடைத்த பலகை போல இருக்கும். இதைப் போய் ஏன் மாட்டினார்கள் என்று நினைப்பேன். கேட்டதில்லை. அந்த வீட்டில் நான் வாய் திறப்பதே அபூர்வம்.

ஒரு ஆயுத பூசையன்று டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். வீட்டைக் கழுவிவிட்டு கிரைண்டர், ஃப்ரிட்ஜ், ஸ்கூட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். அய்யா போட்டோவுக்கும் வைத்தேன். பக்கத்துப் படத்தை வெறுமனே விட மனசு வரவில்லை. வைத்த பிறகுதான் உறைத்தது, அதில் கண்ணாடி இல்லை. ஈரத்துணியால் துடைத்தால் சந்தனம் வந்துவிட்டது, குங்குமம் மட்டும் பள்ளத்தில் இறங்கிக்கொண்டது. அய்யா கையால் வாங்கிய பொருளைக் கெடுத்துவிட்டேனே. சொல்லாமல் போய்விடலாம் என்றுகூடத் தோன்றியது. கால் நகரவில்லை.

டாக்டரம்மா வந்ததும் தலையைக் குனிந்தபடி சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்கு வெகு அருகில் போய்ப் பார்த்தார்.

"ஃப்ரிட்ஜுக்கு வெச்ச, சரி. இதுக்கு எதுக்கும்மா வெச்ச?"

"அய்யாவுக்கு வெச்சுட்டு இத உட்டுட்டா நல்லாருக்காதுங்களேம்மா. தேச்சுக் கழுவிப் பாக்கட்டுங்களா?"

"ஐயோ, நீ தொடாத" என்றவர், என் கையைப் பிடித்து வாசற்கதவு வரைக்கும் கூட்டிப்போனார். வெளியே அனுப்பத்தான் போகிறார் என்று நினைத்தேன். "இங்க நின்னு பாரு" என்றார்.

பார்த்தேன். அந்த மேடுபள்ளமெல்லாம் எங்கே போயிற்றோ, ஆறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஏழெட்டு வீடுகள், அவற்றின் நிழல் தண்ணீரில் அசைந்தது. நான் பார்த்த ஆறு ஒகேனக்கல் ஒன்றுதான், அது போடும் சத்தம் ஊருக்கே கேட்கும். இது மூச்சுக்கூட விடாத ஆறு. ஆறு வருசம் இதன் மேல்தான் துணியைப் போட்டுத் தட்டியிருக்கிறேன்.

"அவரு சொல்வாரு, ஊர வரைஞ்சவன் ஒரு ஆளக்கூட வரையலியேன்னு" என்றார் டாக்டரம்மா. "இப்ப ஆளு வந்துட்டாங்க."

கரையில், குங்குமம் இறங்கிய இடத்தில், சிவப்புச் சீலை கட்டிய ஒருத்தி நின்றாள். அவள் தண்ணீரைப் பார்த்தாளா, எங்களைப் பார்த்தாளா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.