அம்மாவை மாற்றிக் கொடுத்த வருடம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் அம்மாவைக் கொடுத்து இரண்டு இளம்பெண்களை வாங்கினார்கள். பேச்சை நடத்தியது சின்னம்மா. அது முடிவாகக் காரணமாக இருந்தது நான்.

நாங்கள் குடியேறிய ஹனோவர் நகரத்தில் தமிழ்ப் பெண்களின் கூடைப்பந்து அணி ஒன்று இருந்தது. சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு மண்டபத்தில் பயிற்சி நடக்கும். அம்மாவின் தங்கையான சின்னம்மா அணித் தலைவி. ஆனால் நட்சத்திரம் அம்மாதான். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வாரம் முழுக்க நின்று வேலைசெய்துவிட்டு வருகிறவர், மைதானத்தின் மூலையிலிருந்து எறிந்தால் பந்து வளையத்தில் படாமலே வலைக்குள் விழும். வேறு நகரத்து அணிகள் அவரை 'மூலை அக்கா' என்றுதான் சொல்வார்கள். நான் சொல்லும் வருடத்தில் அவருக்கு நாற்பத்திரண்டு வயது. எறிந்துவிட்டு அவர் திரும்பி ஓடி வருவதற்குள் எதிரணி இந்தப் பக்கம் பந்தைப் போட்டுவிடும். அணி தோற்றுக்கொண்டே போனது.

அணி தோற்றதில் எனக்குக் கவலை இல்லை. என் கவலை வேறு.

அந்த வருடம் பதினெட்டு வயதில் ஒருத்தி புதிதாக வந்து சேர்ந்தாள். அவளை அக்கா என்று கூப்பிடச் சொன்னார்கள், நான் கூப்பிடவில்லை. மூலையில் எப்படிக் கால் வைத்து நிற்பதென்று அம்மா அவளுக்குக் காட்டினார். மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிவிட்டார். தன் கையில் கிடந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி அவளுடைய தலைமயிரைக் கட்டிவிட்டார். இதையெல்லாம் மண்டபத்து ஓரத்து வாங்கில் உட்கார்ந்து பார்த்தும் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் அவள் எறிந்த பந்து சத்தமில்லாமல் வலைக்குள் விழ, "அப்பிடித்தான் பிள்ளை!" என்று அம்மா கத்தினார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பிள்ளை என்பது என்னுடைய பெயர் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஆட்கள் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளைக்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில், எனக்கும் எறியக் காட்டுங்கோ என்று கேட்டேன். "நீ இன்னும் கொஞ்சம் வளர வேணும்," என்றார். அவள் வளர்ந்தபிறகு வந்தாள் என்பதற்காக நான் ஏன் காத்திருக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

அப்போதுதான் டுசல்டோர்ஃப் அணியிடமிருந்து சேதி வந்தது. அவர்களுடைய அணியில் ஆடிய சகோதரிகள் இருவர் படிப்புக்காக ஹனோவருக்கு வந்திருந்தார்கள். இருவரும் நல்ல உயரம், நல்ல ஓட்டம். அவர்களை எங்களுக்குத் தரலாம், பதிலுக்கு அம்மாவைத் தர வேண்டும். அங்கே ஓடுவதற்கு நிறையப் பேர் இருந்தார்கள். பந்தை வலைக்குள் போடத்தான் ஆளில்லை.

அடுத்த பயிற்சி முடிந்ததும், "நான் நிண்டா நீங்கள் கதைக்க மாட்டீங்கள்," என்று சொல்லிவிட்டு அம்மா வெளியே போனார். நான் சப்பாத்து நாடாவைக் கட்டுவதுபோல அங்கேயே இருந்துவிட்டேன்.

"அக்காவை விட்டா ஆர் பந்து போடுறது? நாங்கள் எடுக்கிற புள்ளியில அரைவாசி அவவின்ரதான்," என்றார் ஒருவர்.

"போடுறா, ஓம். திரும்பி ஓட ஏலாமல் எல்லோ கிடக்கு. அவவுக்கும் சேர்த்து நாங்கள்தான் ஓடுறம்," என்றார் இன்னொருவர்.

புதியவள் எழுந்து நின்றாள். "அன்ரிய அனுப்பினா நானும் வரமாட்டன்." அழுதுவிடுவாள் போலிருந்தது. என் அம்மாவுக்காக அழுவதற்கு இவள் யார் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது.

கை உயர்த்திப் பார்த்தார்கள். பாதிக்குப் பாதி. சொந்த அக்காவைப் பற்றி முடிவெடுக்க வேண்டிய சின்னம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மாவுக்கு முழங்கால் நோகுதோ? உண்மையைச் சொல்லு."

நொந்தது. பயிற்சி முடிந்து வந்ததும் அம்மா உறைந்த பட்டாணிப் பையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொள்வார். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை என்று என்னிடம் கேட்டுமிருந்தார். நான் யோசித்தேன். டுசல்டோர்ஃபுக்கு ரயிலில் மூன்று மணித்தியாலம் ஆகும். அவ்வளவு தூரம் போய் யார் பந்து விளையாடுவார்கள்? மாற்றிவிட்டால் அம்மா வீட்டில் இருப்பார். சனிக்கிழமை முழுவதும் எனக்கு.

"சரியா நோகுது," என்றேன். "படி ஏறவும் ஏலாது. இருந்து அழுறவ."

படியும் அழுகையும் நான் சேர்த்துக்கொண்டவை. இந்த முறை புதியவளைத் தவிர எல்லாருடைய கையும் உயர்ந்தது.

மறுநாள் சின்னம்மா ஆன்ட்ராக் என்கிற, அணி மாறுவதற்கான விண்ணப்பப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். "எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவோ?" என்று அம்மா கேட்டார். "ஓம் அக்கா," என்றார் சின்னம்மா, மேசையைப் பார்த்தபடி. அம்மா படிவத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை நானும் அம்மாவும் வீட்டில் ரோல்ஸ் சுருட்டிப் பொரித்தோம். அதற்கடுத்த சனிக்கிழமை காலை அவர் விளையாட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க போறீங்கள்?"

"டுசல்டோர்ஃபுக்கு. அங்க இருக்கிற பெரியம்மா வீட்டில நிண்டுட்டு நாளைக்கு வாறன்."

"ஏன் அவ்வளவு தூரம்?"

அம்மா பை வாரைச் சரிசெய்தார். "அங்க என்னை வேணுமெண்டு கேட்டிருக்கினம்."

"நானும்தானே கேக்கிறன்," என்றேன். அம்மா சிரித்து என் கன்னத்தில் தட்டிவிட்டுப் படியிறங்கினார். முன்பு வாரத்தில் மூன்று மணித்தியாலம்தான் இழந்திருந்தேன். இப்போது மாதத்தில் இரண்டு வார இறுதிகள் முழுதாகவே போயின.

கோடையில் இரண்டு அணிகளும் டுசல்டோர்ஃபில் மோதின. சின்னம்மா என்னையும் கூட்டிப்போனார். சிவப்புச் சட்டையில் அம்மா யாரோபோல இருந்தார். அவரைத் தடுக்க நின்றது, வரமாட்டேன் என்று சொன்னாலும் அணியை விட்டுப் போகாத புதியவள். அம்மாவை இடைக்கிடைதான் இறக்கினார்கள். இறங்கியபோதெல்லாம் மூலையிலிருந்து பந்து விழுந்தது, எங்கள் ஆட்களே கைதட்டினார்கள். ஆனாலும் அந்தச் சகோதரிகளின் ஓட்டத்தை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஹனோவர் வென்றது.

முடிந்ததும் புதியவள் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். பின்னால் வந்த சின்னம்மா கலங்கிய கண்ணோடு என்னைக் காட்டி, "அக்கா, அண்டைக்கு நான் இவளிட்டக் கேட்டிருக்கக் கூடாது," என்றார்.

"இவள் சொல்லாட்டியும் எனக்கு ஓட ஏலாதுதானே. நீ செய்தது சரி," என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்தார். ஏச்சு விழும் என்று நின்றேன். "சாப்பிட்டனியே?" என்றுதான் கேட்டார்.

திரும்பும் ரயிலில் அம்மா யன்னலோரம் இருந்தார், பக்கத்தில் நான். எதிர் இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். புதியவள் வந்து, இடமிருக்கோ என்று கேட்டாள். "ஆள் இருக்கு," என்றேன். அரைத் தூக்கத்தில் இருந்த அம்மா கையை நீட்டிப் பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவள் எதிரில் இருந்தாள்.

என் பக்கம் குனிந்து, "எனக்கு உன்னில சரியான பொறாமை, தெரியுமே?" என்றாள் மெதுவாக. "பயிற்சி முடிய அன்ரி உன்னைத்தானே கூட்டிக்கொண்டு போறவ."

என்னைப் பேய்க்காட்டி ஏமாற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு உயரமாக, அவ்வளவு நேராக எறியத் தெரிந்தவள் என்னிடம் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று ஹனோவர் வரும்வரை யோசித்துக்கொண்டே இருந்தேன். தோள் மரத்துப்போயிருந்தது. அம்மா அதில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.